வளையத்துள் ஓடும் ஒளி



கணித விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் அறிந்த சங்கடம் ஒன்றுண்டு. மாணவன் செய்முறையை ஒழுங்காக எழுதியிருப்பான். படிக்குப் படி கணக்குச் சரியாக நடந்திருக்கும். ஈற்றில் எழுதிய முடிவு மட்டும் பிழையாக இருக்கும். அவனுக்குப் புள்ளி வழங்குவதா, மறுப்பதா? ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், கீழ்வகுப்புக்குக் கணிதமும் கற்பிக்க நேர்ந்த காலத்தில், அத்தகைய விடைத்தாள் ஒன்றைச் சிவப்பு மையினால் முழுவதும் வெட்டிப் பூச்சியம் இட்டேன். அந்த மாணவன் அதன் பின்னர் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. செய்முறைக்கு உரிய புள்ளியைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நான் உணர்ந்தபோது அவன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான்.

இன்று நான் சொல்லப் புகும் வரலாறும் அவ்வாறான ஒரு விடைத்தாளிலிருந்தே தொடங்குகின்றது. அதனை எழுதியவர் பிரான்ஸ் தேசத்துப் பௌதிக அறிஞர் ஜோர்ஜ் சாஞாக். அவர் தொடங்கிய செய்முறை இன்று, மயிரிழையினும் நுண்ணிய பளிங்கு வளையங்களுள் ஒளியை ஓடவிடும் தொழிலாக வளர்ந்திருக்கின்றது. நான் கலைப் பட்டதாரி. ஆய்வுகூடத்தில் வளர்ந்தவன் அல்லன். எனினும், அரசர்களின் வரலாற்றைப் போலவே ஒரு கருவியின் வரலாறும் சரித்திர ஆசிரியன் சொல்லத் தக்கதே என்பது என் எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர், ஒளி ஓர் அலை என்று கண்டனர். அலை என்றால் அது பரவுவதற்கு ஓர் ஊடகம் வேண்டுமன்றோ? கடலலைக்கு நீரும் ஒலியலைக்குக் காற்றும் இருப்பது போல, ஒளியலைக்கு அண்டமெங்கும் நிறைந்த 'ஈதர்' என்ற ஒன்று இருத்தல் வேண்டும் என்று அவர்கள் கொண்டனர். 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கல்சனும் மோர்லியும் அந்த ஈதரைத் தேடினர், கிடைக்கவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன், ஈதர் என்பது வேண்டாத கற்பனை என்று ஒதுக்கிவிட்டார். சாஞாக் இதனை ஏற்கவில்லை. ஈதர் உண்டென்பதை எண்பிப்பதற்கென்றே அவர் 1913இல் ஒரு பரிசோதனையைச் செய்தார்.

சுழலும் மேசையொன்றின் மேல் விளக்கு, கண்ணாடிகள், படத்தட்டு ஆகிய அனைத்தையும் அவர் பொருத்தினார். ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் ஒரே பாதையில் சுற்றிவரச் செய்து, மீண்டும் ஒன்று சேர்த்தார். இரண்டு ஒளியலைகள் இவ்வாறு சேரும்போது வெளிச்சமும் இருளும் மாறி மாறி அமைந்த வரிகள் தோன்றும். மேசை சுழலும்போது அவ்வரிகள் இடம் பெயர்ந்தன. மேசையை எதிர்ப்புறமாகச் சுழற்றினால் வரிகளும் எதிர்ப்புறம் பெயர்ந்தன.

இதன் காரணத்தை நம் ஊர்க் கோயில் வீதியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வீதியில் நிற்கும் தேரின் அருகிலிருந்து இருவர் ஒரே கணத்தில், ஒரே வேகத்தில் புறப்படுகின்றனர். ஒருவர் வலமாகவும் மற்றவர் இடமாகவும் வீதியைச் சுற்றித் தேரடிக்குத் திரும்புகின்றனர். தேர் நின்ற இடத்திலேயே நிற்குமாயின் இருவரும் ஒன்றாக வந்து சேர்வர். அவர்கள் நடந்துகொண்டிருக்கையில் தேரும் வலமாக நகரத் தொடங்கிவிட்டால்? வலமாக வருபவர், முன்னே போகும் தேரைத் துரத்திப் பிடித்தல் வேண்டும். அவருக்குத் தூரம் கூடுகின்றது. இடமாக வருபவரைத் தேரே எதிர்கொள்கின்றது. அவருக்குத் தூரம் குறைகின்றது. இருவரும் வந்து சேரும் நேர வேற்றுமையிலிருந்து தேர் எவ்வளவு நகர்ந்ததென்று கணித்துவிடலாம். நடப்பவர்களுக்குப் பதிலாக ஒளியையும், தேர் ஓட்டத்துக்குப் பதிலாக மேசையின் சுழற்சியையும் கொள்க. அதுவே சாஞாக் கண்டது.

ஈதரைக் கண்டுவிட்டேன் என்று அவர் அறிவித்தார். முடிவு பிழை. இத்தகைய வரிப்பெயர்ச்சி ஐன்ஸ்டைனின் கொள்கைப்படியும் தோன்றவே செய்யும் என்பதை ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் பொன் லௌவே 1911ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டியிருந்தார். ஆகவே அப்பரிசோதனை ஈதருக்குச் சான்றாகவில்லை. ஆனால் அளவீடு மெய்யானது, செய்முறை பழுதற்றது. வெளியே ஒரு நட்சத்திரத்தையோ மலையையோ பாராமல், மூடிய அறைக்குள் இருந்தபடியே, 'நான் சுழல்கின்றேன். இவ்வளவு வேகமாகச் சுழல்கின்றேன்' என்று சொல்லவல்ல ஒரு வழியை அவர் உலகுக்குத் தந்துவிட்டார். ஈதர் மறைந்தது, சாஞாக் விளைவு என்ற பெயர் நிலைத்தது.

அதே வழியால் பூமியின் சுழற்சியையே அளக்கலாமா? 1925இல் மைக்கல்சனும் கேல், பியேர்சன் என்போரும் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகில் 2,010 அடி நீளமும் 1,113 அடி அகலமும் கொண்ட நீள்சதுரமாகக் குழாய்களைப் பதித்து, உள்ளிருந்த காற்றை அகற்றி, ஒளியைச் சுற்றவிட்டனர். பூமியை நிறுத்திவைத்து ஒப்புநோக்க இயலாது. ஆதலால் பக்கத்தில் ஒரு சிறிய நீள்சதுரத்தை அமைத்து அதனோடு ஒப்பிட்டனர். வரியின் பெயர்ச்சி, ஒரு வரியின் அகலத்தில் 0.236 பங்கு இருக்கவேண்டுமென்பது கணிப்பு. அவர்கள் கண்டது 0.230. ஒரு கிராமம் அளவான நிலப்பரப்பைச் சுற்றி ஓடியும், கிடைத்த அடையாளம் ஒரு வரியின் காற்பங்கைக்கூட எட்டவில்லை.

வெளியிலிருந்து வளையத்துக்குள் ஒளியைச் செலுத்தும் வரையில் இந்த நிலை நீடித்தது. ஒளி வளையத்துக்குள்ளேயே பிறக்குமாயின் நிலைமை மாறும். 1917இல் ஐன்ஸ்டைன் தாளில் வகுத்த ஒரு தத்துவம், 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி, கலிபோர்ணியாவில் தியோடர் மைமன் என்பவரின் கையில் மாணிக்கக்கல் இலேசராக ஒளிர்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் ஈலியம், நேயன் ஆகிய வாயுக்களாலான இலேசரும் பிறந்தது. 1963இல் அமெரிக்காவின் ஸ்பெரி நிறுவனத்தைச் சேர்ந்த மேசெக், டேவிஸ் என்னும் இருவர், நான்கு மூலைகளிலும் கண்ணாடி வைத்த சதுரப் பாதையில் அவ்வாயு இலேசரை இயக்கினர். வலமாக ஓர் ஒளி, இடமாக ஓர் ஒளி. சதுரம் சுழலும்போது இரண்டின் மீடிறன்களும் சற்றே வேறுபடும். ஏறக்குறைய ஒரே சுருதியில் அமைந்த இரு வீணைத் தந்திகளை ஒருங்கே மீட்டினால் நாதம் பெருகியும் தணிந்தும் அலையடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வாறே இவ்விரு ஒளிகளும் துடிக்கின்றன. துடிப்புகளை எண்ணினால் சுழற்சியின் வேகம் தெரியும். ஜேர்மனியின் வெட்செல் என்னுமிடத்தில் நிலத்துக்கடியே அமைந்துள்ள வளைய இலேசர், பக்கத்துக்கு 4 மீற்றர் கொண்ட சதுரம். பூமியின் சுழற்சி ஒன்றினாலேயே அதில் விநாடிக்கு ஏறத்தாழ 348 துடிப்புகள் எழுகின்றன.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு நோய் தலைகாட்டியது. சுழற்சி மிக மெதுவானால் துடிப்பு அடியோடு நின்றுவிடும். கருவி சுழன்றுகொண்டே இருக்கும், ஆனால் 'சுழலவில்லை' என்று பொய் சொல்லும். காரணம் யாது? எவ்வளவு துலக்கிய கண்ணாடியிலும் நுண்ணிய கரடுமுரடு இருக்கும். அதிற் பட்ட வலவோட்ட ஒளியில் அணுவளவு சிதறித் திரும்பி இடவோட்டத்தோடு கலக்கின்றது. 1665இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ், அருகருகே தொங்கவிட்ட இரு ஊசற் கடிகாரங்கள், தம்மைத் தாங்கிய சட்டத்தின் மெல்லிய அசைவினால் ஒன்றையொன்று உணர்ந்து ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதைக் கண்டார். ஒளிகளுக்கும் அதுவே நேர்ந்தது: இரண்டும் இணங்கிப் பூட்டிக்கொண்டன. இதற்கு வேடிக்கையான மருந்தொன்று கண்டனர். கருவி முழுவதையும் இடைவிடாது சிறிதளவு அதிரச் செய்து, பூட்டிக்கொள்ள அவகாசமே கொடுக்காமல் விடுவதே அம்மருந்து. அவ்வாறு திருந்திய வளைய இலேசர்கள் 1980களின் தொடக்கத்தில் போயிங் 757, 767 ஆகிய விமானங்களில் ஏறித் திசையறிய உதவின.

இது ஒரு கிளை. மறு கிளை 1962இல் முளைத்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் றொபேட் ஹோல் முதலாகப் பல குழுவினர், கலியம் ஆசனைட்டு என்னும் குறைகடத்திப் பளிங்கிலிருந்து இலேசர் ஒளியை எழுப்பினர். இலத்திரன் மிகுந்த படையும் இலத்திரன் குறைந்த படையும் பொருந்தும் சந்தியில் மின்னோட்டம் பாயும்போது, இலத்திரன்கள் வெற்றிடங்களில் விழுந்து, இழந்த சக்தியை ஒளியாக வெளிவிடுகின்றன. பளிங்கின் இரு முனைகளும் கண்ணாடிபோல் அமைந்து ஒளியை முன்னும் பின்னும் ஓடச் செய்கின்றன. முதலில் வந்தவை, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில், கணநேரத் துடிப்புகளாக மட்டுமே ஒளிர்ந்தன. 1970இல் லெனின்கிராட்டில் அல்பெரோவ் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹயாஷி, பானிஷ் ஆகியோரும் அறை வெப்பநிலையில் இடையறாது ஒளிரும் வகையைச் செய்தனர்.

இந்த நேர்கோட்டு இலேசருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முனைக் கண்ணாடி வேண்டுமாயின் பளிங்கை அவ்விடத்தில் பிளந்தாகவேண்டும். பிளந்தால் இலேசர் தகட்டின் விளிம்பிலேதான் இருக்கமுடியும். பல உறுப்புகளை ஒரே தகட்டில் பக்கம் பக்கமாகச் செய்ய விரும்புவோருக்கு இது பெருந்தடை. பாதையை வளைத்து அதன் வாலை அதன் வாயோடு சேர்த்துவிட்டால்? முனையும் இல்லை, பிளக்கவும் தேவையில்லை. தகட்டின் நடுவிலும் இலேசரை வைக்கலாம். இவ்வாறு இரு கிளைகளும் கூடின. 1977இல் ஜப்பானிய ஆய்வாளர் மட்சுமோட்டோவும் குமாபேயும் குறைகடத்தி வளைய இலேசரொன்றை அறிவித்தனர். 1980இல் கலிபோர்ணியாவின் பேர்க்கிலி சர்வகலாசாலையில் லியாவோ, வாங் என்போர் வட்டப் பாதை கொண்ட ஒன்றைச் செய்தனர். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் லேபோர்ன், குறோஸ், ரொபேட்ஸ் ஆகியோர் 1990இல் இடையறாது ஒளிரும் வளையத்தை அறிவித்தனர்.

இதனைச் செய்யும் விதம் நம் வீட்டுக் கோலத்தை நினைவூட்டும். முதலில் ஒரு பளிங்குத் தகட்டின் மேல் வெவ்வேறு கலவைகளை அணுப்படை மேல் அணுப்படையாக வளர்க்கின்றனர். நடுப்படையே ஒளி பிறக்கும் இடம். அதன் மேல், ஒளியோ இலத்திரன் கற்றையோ பட்டால் தன்மை மாறும் ஒரு பூச்சைப் பூசி, வளையக் கோலத்தை அதில் பதிக்கின்றனர். வேண்டாத பூச்சைக் கழுவியபின், மின்னேற்றிய வாயுவினால் தகட்டை அரிக்கின்றனர். பூச்சினால் மூடப்பட்ட வளையம் மட்டும், இரண்டு மைக்கிரோமீற்றர் அளவு அகலமான வரம்பாக எஞ்சி நிற்கும். பின்பு மேலும் கீழும் உலோகத்தைப் படியவைத்து மின்னோட்டத்துக்கு வழி செய்கின்றனர். ஒரு மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சிக்கல் அந்த வரம்பின் சுவரில் இருக்கின்றது. வளைவில் ஓடும் ஒளி வெளிப்புறமாகச் சாய்கின்றது. லண்டன் சென் போல் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் ஒருவர் சுவரோடு முணுமுணுத்தால், அவ்வொலி சுவரைத் தழுவியபடி ஓடி எதிர்ப்புறத்தில் நிற்பவரின் காதில் விழும். இதற்கு விளக்கம் தந்தவர் றேலி பிரபு. 1921இல் அம்மாடத்தில் ஒலியை ஆராய்ந்தவருள் ஒருவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் சி. வி. இராமன். ஒலி அங்கே மாடச் சுவரைத் தழுவுவது போலவே, ஒளி இங்கே வளையத்தின் வெளிச்சுவரைத் தழுவுகின்றது. வளையத்தைச் சிறிதாக்கினால் வளைவு கூடும். ஒளி வெளியே கசியும். கசியாமல் தடுக்க வரம்பை ஆழமாக அரித்துச் சுவரை உயர்த்த வேண்டும். உயர்த்திய சுவர் முழுவதும் ஒளி உராயும். சுவரில் உள்ள ஒவ்வொரு கரடும் ஒளியைச் சிதறடிக்கும். பளிங்குக்குள் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்கிரோமீற்றரிலும் குறைந்தது; ஆதலால் அதில் நூறில் ஒரு பங்கான மேடுபள்ளமும் தீங்கு செய்யும். ஆழமாக அரித்தால் சிதறல், ஆழங்குறைந்தால் கசிவு: இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதே வளையத்தை வகுப்பவரின் முதற் கவலை.

இரண்டாவது கவலை, உள்ளே சுற்றும் ஒளியை வெளியே எடுப்பது. வளையத்தின் பக்கத்தில், தொடாமல் மிக நெருங்கிச் செல்லும் நேர்வரம்பு ஒன்றை வைத்தால், ஒளியில் ஒரு பங்கு அதற்குத் தாவும். ஆனால் அந்நேர்வரம்பின் முனையில் பட்டுத் தெறிக்கும் ஒளி மீண்டும் வளையத்துக்குள் புகுந்து எதிரோட்டத்தோடு கலந்துவிடும். அதனால் முனையைச் சாய்வாக அமைத்துத் தெறிப்பை விலக்குகின்றனர்.

இவ்வளவு முயன்றும், சாஞாக்கின் தொழிலை இச்சிறு வளையம் செய்யுமா? அதற்கு இரண்டு தடைகள். ஒன்று, அளவு. துடிப்பின் எண்ணிக்கை வளையத்தின் பருமனோடு கூடிக் குறையும். ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள பளிங்கு வளையத்தில், பூமியின் சுழற்சியினால் பத்து விநாடிக்கு ஒரு துடிப்புக்கூட எழாது. மற்றது, உட்பகை. வாயு இலேசரில் அணுக்கள் பல திசைகளிலும் ஓடுகின்றன. வலவோட்டத்துக்குச் சில அணுக்களும் இடவோட்டத்துக்கு வேறு சில அணுக்களும் உணவூட்ட, இரண்டும் ஒருங்கே வாழ்கின்றன. குறைகடத்தியிலோ இரு ஒளிகளும் ஒரே இலத்திரன் களஞ்சியத்தைப் பங்கிட வேண்டியிருக்கின்றது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சோறெல் முதலானோர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் இதனைத் தெளிவாக அளந்தனர். மின்னோட்டம் குறைவாயிருக்கையில் இரு ஒளிகளும் சமமாக ஓடின. சிறிது கூட்டியதும் ஒன்று ஓங்க மற்றது ஒடுங்கி, பின்பு மாறி, ஊஞ்சல்போல ஆடின. மேலும் கூட்டியதும் ஒன்று முற்றாக வென்று மற்றது அடங்கியது.

சுழற்சியை அளக்க வந்தவருக்கு இது தோல்வி. இரண்டும் சேர்ந்து ஓடினாலன்றோ துடிப்பை எண்ணலாம்? ஆனால் அந்தத் தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. அளந்து, வரைந்து, வெளியிட்டனர். அதே இயல்பை வேறு கண்ணோடு பார்த்தவரும் இருந்தனர். வலமோ இடமோ ஏதேனும் ஒன்றில் நிலைத்து நிற்பதும், வெளியிலிருந்து சிறிது ஒளி பாய்ச்சினால் மற்றதற்கு மாறுவதும் ஒரு பொருளின் இயல்பாயின், அது 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றை நினைவில் வைத்திருக்க வல்லதன்றோ? 2004இல் ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஹில் முதலானோர், 16 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள இரு வளையங்களைப் பக்கத்தில் இணைத்து அத்தகைய ஒளி நினைவுக் கூறொன்றைச் செய்து காட்டினர். ஒரு விநாடியின் 5,000 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் அது நிலை மாறியது. நம் கணினிகள் இன்னும் இலத்திரன் நினைவகத்தைக் கொண்டே இயங்குகின்றன. ஒளியின் நினைவு ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆயினும், ஒருவருக்குப் பிணியாகத் தோன்றியது மற்றொருவருக்குக் குணமாகத் தோன்றியது என்பது வரலாற்றில் பதிந்துவிட்டது.

நேயர்களே, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது ஒன்று. சாஞாக் ஈதரை எண்பிக்க விரும்பினார். விருப்பத்துக்காக அளவீட்டை வளைக்கவில்லை. அதனால் அவருடைய கொள்கை வீழ்ந்த பின்னும் அவர் கண்ட உண்மை வாழ்ந்தது. வளையம் செய்தோர் தம் கருவி பூட்டிக்கொள்வதையும், ஒரு பக்கம் சாய்வதையும் உள்ளபடி எழுதிவைத்தனர். அதனால் அக்குறைகளே பிறருக்கு மூலதனமாயின. முடிவு பிழைத்தாலும் நேர்மையான செய்முறை வீண்போவதில்லை. அடுத்து வருபவர் அதனை எடுத்து, தொடர்ந்து எழுதிக்கொள்ளலாம். செய்முறையே பொய்யானால், முடிவு தற்செயலாகச் சரியாக வந்தாலும் எவருக்கும் பயனில்லை.

என் முதல் வகுப்பறையில் நான் வெட்டிய விடைத்தாளை இனித் திருத்த வழியில்லை. அந்த மாணவன் எங்கேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுக்குச் சேரவேண்டிய புள்ளியை இன்று இந்த வானொலி மூலம் வழங்கிவிடுகின்றேன். இப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: சிவப்பு மையைத் தொடுவதற்கு முன், கடைசி வரிக்கு மேலே எழுதப்பட்டிருப்பதையும் ஒருமுறை படியுங்கள்.